இழை மாறுங்கால் மாறாதன

உயர்தர வகுப்பிற்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், மாணவனொருவன் எழுந்து, "ஐயா, கணினி ஓர் இழையை விட்டு இன்னோர் இழைக்கு மாறும்போது, முதலாவது இழையின் நினைவகத்தில் இருந்தவை எங்கே போகின்றன?" என்று வினவினான். "அவை யாவும் வேறோரிடத்திற் பத்திரமாகச் சேமிக்கப்படும், முறை வரும்போது மீளக் கொணரப்படும்" என்று யான் விடையிறுத்தேன். அவனும் அமர்ந்தான், பாடமும் முடிந்தது. அவ்விடை பிழையென்பதை யான் உணர்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் அம்மாணவன் பள்ளியை விட்டு நீங்கிவிட்டான். கலைப்பட்டதாரியாகிய யான் இத்துறையைப் பிற்காலத்தே நூல்களின் துணைகொண்டு பயின்றவன் என்பது காரணமாகலாமேயன்றி நியாயமாகாது. அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். பழைய மாணவர் கையிலும் இம்மலர் செல்லுமாதலின், அவன் இதனைக் காணவுங் கூடும்.

முதற்கண் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வாம். பணிசெயல் முறைமையின் உள்ளே நின்று, முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் பலர்க்கும் பங்கிட்டு வழங்கும் பகுதியைக் கரு என்பர். ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலுள்ள செய்நிரல் முறைவழி எனப்படும். ஒரு முறைவழிக்குள் ஒன்றோ பலவோ இழைகள் இருக்கலாம். இழையென்பது கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிறைவேறிச் செல்லும் ஓர் ஒழுக்கு. ஒரு முறைவழியாக்கி இழைகள் பலவற்றையும் மாறிமாறி நடத்துகின்றது. அம்மாற்றம் ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை நிகழவல்லது. ஆகலாற்றான் யாவும் ஒருங்கே நடைபெறுவதுபோல எமக்குத் தோன்றுகின்றது.

எனது பிழையான விடை ஒரு காலத்திலே சரியாயிருந்தது என்பது சிறிது ஆறுதல் தருவதாகும். 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பாற்றோ என்பாரும் அவர்தம் துணைவரும், ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையொன்றை ஐ.பி.எம். 709 என்னுங் கணினியில் இயக்கிக் காட்டினர். அம்முதன் முயற்சியில் ஒருவரது தவணை முடிந்ததும் அவர்தம் செய்நிரல் காந்த நாடாவில் எழுதிவைக்கப்பட்டது. அடுத்தவரது செய்நிரல் அவ்விடத்தே ஏற்றப்பட்டது. பின்னர் வந்த 7090, 7094 ஆகிய பொறிகளில் 32,768 சொற்கள் கொள்ளும் நினைவகத் தொகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்று மேற்பார்வைச் செய்நிரலுக்கு உரியது. மற்றையதிற் பயனரொருவரது செய்நிரல் மாத்திரமே ஒரு நேரத்திற் குடியிருந்தது. இங்கு நினைவகம் மெய்யாகவே பெயர்த்துச் செல்லப்பட்டது.

அவ்வாறு முழுவதையும் ஏற்றி இறக்குவது பெருஞ் செலவாதலைக் கண்ட அவர்கள் வகுத்த உபாயமொன்று கருதத்தக்கது. புதிதாய் வருஞ் செய்நிரல் சிறிதாயின், அதற்கு வேண்டிய அளவு இடத்தை மாத்திரம் ஒழித்துக் கொடுத்து, பழைய செய்நிரலின் எஞ்சிய பகுதியை இருந்தவாறே விட்டனர். வெங்காயத்தின் மேற்றோலை மாத்திரம் உரிப்பது போன்றதாகலின், அதற்கு வெங்காயத்தோல் முறை என்றே பெயரிட்டனர். மாற்ற வேண்டாததை மாற்றாது விடுதல் என்னும் எண்ணம் இத்துறையில் அன்றே முளைத்துவிட்டது. இன்றைய கருக்கள் செய்வதும் அவ்வெண்ணத்தின் விரிவேயாம். ஆயினும், மாற்றாது விடப்பட்டதை நம்பலாமோ என்னும் வினா அதனுடன் என்றும் ஒட்டியே வந்துள்ளது.

இடையிலே நிகழ்ந்த பெருமாற்றம் இங்கிலாந்தில் உண்டானது. மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேண் என்பாரது தலைமையில் ஆக்கப்பட்ட அற்லஸ் என்னுங் கணினி 1962 டிசம்பர் 7ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. அதன் விரைந்த நினைவகம் 16,384 சொற்களும், காந்த உருளைகள் 98,304 சொற்களுங் கொண்டிருந்தன. செய்நிரல் எழுதுவார்க்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்கள் 32 ஆகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு பதிவகம் அமைக்கப்பட்டது. 'இவ்விடத்தில் இப்போது இருப்பது எந்தப் பக்கம்?' என்பதை அப்பதிவகம் கூறும். செய்நிரல் ஒரு முகவரியைச் சொன்னதும் 32 பதிவகங்களும் ஒருங்கே ஒப்புநோக்கப்படும். பக்கம் அங்கில்லையாயின் மேற்பார்வைச் செய்நிரல் உருளையிலிருந்து அதனைக் கொணரும். செய்நிரல் கூறும் முகவரி வேறு, பொருள் உண்மையிற் கிடக்கும் இடம் வேறு என்னும் பிரிவினை இங்ஙனம் நடைமுறைக்கு வந்தது.

இப்பிரிவினை எமது ஊரவர்க்குப் புதியதன்று. எங்கள் காணிகளுக்குப் பெயருண்டு. ஒரே பெயருடைய காணி அயற்குறிச்சியிலும் இருக்கக்கூடும்; பெயர் ஒன்றாயினும் நிலம் வேறு. எந்தக் குறிச்சியின் ஏட்டைப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தே அப்பெயர் எந்நிலத்தைக் குறிக்கும் என்பது துணியப்படும். கணினியிலும் அவ்வாறே. இரு முறைவழிகள் ஒரே இலக்கமுடைய முகவரியைக் கூறலாம். அவை நினைவகத்தின் வெவ்வேறிடங்களைச் சுட்டும். அந்த ஏட்டிற்குப் பக்க அட்டவணை என்று பெயர். ஒவ்வொரு முறைவழிக்கும் ஓர் ஏட்டைக் கரு எழுதி வைத்துள்ளது.

1985ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 80386 என்னும் முறைவழியாக்கி 4 கிலோபைற்றுப் பக்கங்களைக் கையாண்டது. இப்போது நோக்கப்படும் ஏடு எங்கே தொடங்குகின்றது என்பதை அதன் மூன்றாங் கட்டுப்பாட்டுப் பதிவகம் கூறிற்று. அதன் வழிவந்த 64 பிற்றுப் பொறிகளிலும் அப்பதிவகமே அத்தொழிலைச் செய்கின்றது. ஆகவே, ஒரு முறைவழியின் உலகத்தை விட்டு மற்றொன்றின் உலகத்துட் புகுவதற்கு ஒரு பைற்றேனும் பெயர்க்கப்பட வேண்டியதில்லை. அப்பதிவகத்தில் இருக்கும் ஓர் இலக்கத்தை மாற்றினாற் போதும். முன்னையதன் பொருள்கள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டும் ஏடு மூடப்பட்டுவிட்டது, அவ்வளவே.

இலக்கமொன்றை மாற்றுதல் எளிதெனின், கரு அதனைத் தவிர்க்க முயல்வானேன்? செலவு வேறிடத்தில் உளது. இன்ரெல் வகையைச் சார்ந்த 64 பிற்றுப் பொறிகளிற் பரந்து வழங்கும் அமைப்பில், பக்க அட்டவணை நான்கு படிகளைக் கொண்டது. ஒவ்வொரு படியிலும் 512 பதிவுகள். ஒரு முகவரியின் உண்மை இடத்தை அறிய நான்கு தடவை நினைவகத்தைப் படித்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் இவ்வாறு செய்யின் பொறி நத்தையாகிவிடும். ஆதலின், அண்மையிற் கண்டறிந்த விடைகளை முறைவழியாக்கி தன்னருகே ஒரு சிறு குறிப்பகத்தில் எழுதி வைத்துக்கொள்கின்றது; ஏட்டைத் திறவாமலே மேசைமேற் கிடக்குந் துண்டைப் பார்த்து விடை சொல்லும் எழுதுவினைஞரைப் போல. 2015இல் வெளிவந்த ஸ்கைலேக் என்னும் இன்ரெல் முறைவழியாக்கியில், 4 கிலோபைற்றுத் தரவுப் பக்கங்களுக்கான முதற்படிக் குறிப்பகம் 64 பதிவுகளையும், இரண்டாம் படி 1,536 பதிவுகளையுங் கொள்ளும். இரண்டாம் படி முழுவதும் நிறைந்தாலும் அத்தகைய பக்கங்களில் அது காட்டுவது 6 மெகாபைற்று நினைவகத்தையே. சிறிதாயினும் பொறியின் வேகம் பெரிதும் இதனையே சார்ந்துள்ளது.

ஏடு மாறியதும் இத்துண்டுகள் பொய்யாகின்றன. அயற்குறிச்சியின் காணிக்கு இக்குறிச்சியின் துண்டைக் காட்டினால் விளைவது வழக்கே. எனவே, மூன்றாங் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் புதிய இலக்கம் எழுதப்பட்டதும், யாவர்க்கும் பொதுவெனக் குறிக்கப்பட்டவை தவிர ஏனைய குறிப்புக்களை முறைவழியாக்கி அழித்துவிடுவது பழைய வழக்கு. புதிய முறைவழி வெறுங் குறிப்பகத்துடன் தொடங்கி, ஒவ்வொரு பக்கத்திற்கும் நான்கு படிகளையும் மீண்டும் ஏறியிறங்கும். மாற்றத்தின் மெய்ச்செலவு இதுவே.

இனி, மாணவனின் வினாவிற்கு வருவாம். அவன் கேட்டது முறைவழியைப் பற்றியன்று, இழையைப் பற்றி. ஒரே முறைவழியைச் சார்ந்த இழைகள் யாவும் ஒரே ஏட்டையே பயன்படுத்துகின்றன. ஹெல்சிங்கி நகரிலே 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னுங் கருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வோர் இழைக்கும் ஒரு விவரணம் உண்டு, அதனுள் எம்.எம். என்னுஞ் சுட்டி, அவ்விழை எந்த முகவரி வெளிக்கு உரியது என்பதைக் காட்டும். மாறும் வேளையில் கரு இரு முகவரி வெளிகளையும் ஒப்பிடுகின்றது. இரண்டும் ஒன்றாயின் ஏட்டைத் தொடுவதேயில்லை. குறிப்பகமும் அவ்வாறே நிலைக்கும். முதலாவது இழையின் நினைவகத்தில் இருந்தவை எங்கும் போவதில்லை, மறைவதுமில்லை, அடுத்த இழையின் கண்முன்னேயே கிடக்கின்றன.

அங்ஙனமாயின் மாறுவது யாது? முறைவழியாக்கியின் பதிவகங்கள் மாறுகின்றன. அவற்றுள் தலையாயது அடுக்குச் சுட்டி. பயனர் செய்நிரல் கையாளும் அடுக்கையன்றி, கருவினுள் வேலை நடக்கும்போது கையாளுதற்கென ஒவ்வோர் இழைக்கும் தனியடுக்கு ஒன்று உண்டு. 64 பிற்று இன்ரெல் வகைப் பொறிகளுக்கான லினக்ஸில் இது முன்னர் 8 கிலோபைற்றாயிருந்து, 2014இல் 16 கிலோபைற்றாக்கப்பட்டது. கடிகாரத் தடங்கலாலோ வேறொரு காரணத்தாலோ இழையொன்று கருவினுட் புகும்போது, அதன் பயனர்நிலைப் பதிவகங்கள் இவ்வடுக்கின்மேல் எழுதப்படும். பின்னர், வேறிழைக்கு மாறுவதெனத் துணிந்ததும், எஞ்சிய ஆறு பதிவகங்கள் அதன்மேல் வைக்கப்பட்டு, அடுக்குச் சுட்டியின் பெறுமதி இழையின் விவரணத்திற் குறிக்கப்படும். அடுத்த இழையின் அடுக்குச் சுட்டி ஏற்றப்படும். அவ்வொரு கட்டளை நிறைவேறியதும் நாம் நிற்பது வேறோர் இழையிலாம்! இழைக்கென ஒதுக்கிய சிறு தனிநினைவகத்தின் தொடக்க முகவரியைக் காட்டும் பதிவகமும், பதின்மக் கணக்கிற்குரிய பதிவகங்களும் இவ்வேளையில் மாற்றப்படும்.

இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. மாற்றத்தைச் செய்யும் செயற்கூற்றை அழைத்தவன் ஒருவன். அதிலிருந்து மீள்பவன் மற்றொருவன். முதல் இழை உள்ளே புகுந்தது. வெளியே வருவது எப்போதோ முன்னர் உள்ளே புகுந்து உறங்கிக் கிடந்த இரண்டாம் இழை. அவ்விழையைப் பொறுத்தவரை, தான் அழைத்த செயற்கூறு இப்போதுதான் முடிந்தது. இடையே கழிந்த காலத்தை அது அறியாது. 1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலில், இத்தொழிலைச் செய்யும் இடத்தருகே, வாசிப்பவர் இதனை விளங்கிக்கொள்வாரென எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருள்படக் குறிப்பொன்று எழுதப்பட்டிருந்தது. அக்குறிப்பு இத்துறையாரிடையே ஒரு பழமொழியளவிற்குப் புகழ்பெற்றது. அதனை ஆக்கியோருள் ஒருவராகிய டெனிஸ் றிச்சி, அங்கு நடப்பதைத் தாமும் அப்போது சரிவர விளங்கிக்கொள்ளவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு இவ்வொப்புதல் மிகவும் உவப்பானது.

இன்னுமொரு வகை இழை உண்டு. அதுவே இப்பொருளின் சுவைமிக்க பகுதி. கரு தன் சொந்த வேலைகளுக்கென நடத்தும் இழைகளுக்குப் பயனர் முகவரி வெளி பொதுவாக இல்லை, அவற்றின் எம்.எம். சுட்டி வெறுமையாய் இருக்கும். வேறு வேலையில்லாதபோது முறைவழியாக்கி நடத்தும் ஓய்விழையும் இவ்வினத்தது. ஏடே இல்லாதவன் வரும்போது கரு எவ்வேட்டைத் திறக்கும்? ஒன்றையுந் திறவாது, முன்னவன் விட்டுச்சென்ற ஏட்டை அவனுக்கு இரவலாகக் கொடுக்கும். கருவின் பகுதி ஒவ்வொரு முறைவழியின் ஏட்டிலும் மேற்பாதியில் ஒரேவிதமாய் எழுதப்பட்டிருத்தலால் இது இயல்வதாயிற்று. கருவின் இழை மேற்பாதியையே நோக்கும். கீழ்ப்பாதி எவருடையதாயினும் அதற்குக் கவலையில்லை. சிறிது நேரத்தில் பழைய முறைவழியே மீண்டும் வருமாயின், ஏட்டை மாற்றவேண்டிய தேவையே எழாது. 1999 யூலை மாதத்தில் ரோவால்ட்ஸ் இதனை விளக்கி எழுதிய மடல் லினக்ஸின் ஆவணங்களுள் ஒன்றாய்ப் பின்னர் வைக்கப்பட்டது. சொந்த வெளியைச் சுட்டும் சுட்டி வேறு, இப்போது கையிலுள்ள வெளியைச் சுட்டும் சுட்டி வேறு என்பதே அதன் சாரம். சோம்பன் முறை என இதனை அவர்கள் அழைப்பர்.

இரவல் வாங்கினால் இரவலுக்குரிய தொல்லையும் உண்டு. இரவல் பெற்றவன் கையில் ஏடு இருக்கையில், ஏட்டின் சொந்தக்காரனாகிய முறைவழி வேறொரு முறைவழியாக்கியில் முடிவெய்தினால் என்னாகும்? அதனாலேயே கரு ஒவ்வொரு முகவரி வெளிக்கும் இரு எண்ணிக்கைகளை வைத்திருக்கின்றது. ஒன்று உண்மையிற் பயன்படுத்துவோர் தொகை. மற்றையது இரவல் பெற்றோரையுஞ் சேர்த்து அவ்வமைப்பைப் பற்றி நிற்போர் தொகை. முதலாவது பூச்சியமானதும் கீழ்ப்பாதியின் பக்கங்கள் யாவும் விடுவிக்கப்படும். இரண்டாவதும் பூச்சியமாகும் வரையில் ஏட்டின் முதற்படி அழிக்கப்படமாட்டாது. சொந்தக்காரன் இறந்தபின்னும் வெற்றேடு இரவற்காரன் பொருட்டுக் காத்திருக்கின்றது.

பல முறைவழியாக்கிகள் உள்ள பொறியில் வேறொரு தொல்லையும் எழும். ஒரு முறைவழியின் இழைகள் நான்கு முறைவழியாக்கிகளில் ஒருங்கே ஓடுகின்றன என்க. அவற்றுள் ஒன்று, 'இப்பக்கம் எனக்கு வேண்டா' என்று கருவிடம் திருப்பிக் கொடுக்கின்றது. ஏட்டிலிருந்து அப்பதிவு நீக்கப்பட்டாலும், ஏனை மூன்றின் குறிப்பகங்களிலும் பழைய துண்டு இருக்கக்கூடும். அப்பக்கம் வேறொருவருக்கு வழங்கப்பட்டபின் அத்துண்டைக்கொண்டு எழுதினால் பிறர்பொருள் கெடும். ஆதலின், இன்ரெல் வகைப் பொறிகளிலே நெடுங்காலம் கரு மற்றைய முறைவழியாக்கிகளுக்குத் தடங்கற் சைகை அனுப்பி, அவை பழங்குறிப்பை அழித்தன என்று அறியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இழை மாற்றம் மலிவானது. ஆனால் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளல் எப்போதும் மலிவானதன்று.

குறிப்புக்களை அழியாமலே முறைவழி மாறுதற்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது எக்குறிச்சிக்குரியது என்று எழுதிவிட்டாற் போதுமன்றோ? 1980களில் வெளிவந்த மிப்ஸ் முறைவழியாக்கிகள் இதற்கென 6 பிற்றுக்களை ஒதுக்கி, 64 முகவரி வெளிகளை வேறுபடுத்தின. இன்ரெல் 2010 அளவில் 12 பிற்றுக் குறியீட்டைத் தன் பொறிகளிற் சேர்த்தது. ஆயினும் லினக்ஸ் 2017 நவம்பரில் வெளிவந்த 4.14ஆம் பதிப்பிலேயே அதனைக் கையாளத் தொடங்கிற்று. 4,096 குறியீடுகள் கிடைத்தும், ஒவ்வொரு முறைவழியாக்கியிலும் அண்மைக்கால முகவரி வெளிகள் ஆறினை மாத்திரமே அது நினைவில் வைத்தது. சிறிய குறிப்பகத்தில் அதற்குமேற் பழையன எஞ்சியிருத்தல் அரிதாகலின் இது தக்கதே.

அடுத்த இரு மாதங்களில் இவ்வசதி எதிர்பாராத விதத்திற் கைகொடுத்தது. மேற்பாதியில் கரு எப்போதும் எழுதப்பட்டிருக்கும் என்று கூறினேன். பயனர் செய்நிரல் அதனைப் படிக்கலாகாது என்னுந் தடைக்குறி ஒவ்வொரு பதிவிலும் உண்டு. அத்தடையைப் பல்லாண்டுகளாக யாவரும் நம்பினர். 2018 சனவரி 3ஆம் நாள் மெல்ற்டவுன் என்னுங் குறைபாடு வெளியிடப்பட்டது. முறைவழியாக்கி விரைவின்பொருட்டு, அனுமதியுண்டோ என்று தீர்க்குமுன்னரே கட்டளைகளை முந்தி நிறைவேற்றிப் பார்க்கும். அனுமதியில்லை எனக் கண்டதும் விளைவைத் துறந்துவிடும். ஆயினும் அதன் சுவடு பதுக்கு நினைவகத்தில் எஞ்சும். அச்சுவட்டைக் காலவளவால் ஆராய்ந்து, கருவின் நினைவகத்தைச் சாதாரணச் செய்நிரலொன்று படித்துவிடக்கூடும் என்று காட்டினர். இன்ரெல் முறைவழியாக்கிகள் பெரும்பாலும் இக்குறைபாட்டிற்கு இலக்காயின, ஏ.எம்.டி. நிறுவனத்தின் முறைவழியாக்கிகள் இதற்குத் தப்பின.

அதற்குக் கண்ட பரிகாரம், ஒரு முறைவழிக்கு இரண்டு ஏடுகள் வைத்தலாம். கருவினுள் இருக்கும்போது முழு ஏடு. வெளியில் பயனர் செய்நிரல் ஓடும்போது கருவின் பகுதி ஏறக்குறைய முற்றும் நீக்கப்பட்ட ஏடு. ஒஸ்திரியாவின் கிராற்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2017இல் இதனையொத்த முறையொன்றை வெளியிட்டிருந்தனர். 2018 சனவரி இறுதியில் வந்த லினக்ஸ் 4.15 இம்முறையை ஏற்றது. விளைவைச் சிந்திக்க. முன்னர், இழை மாறியபோதுகூடத் தொடப்படாதிருந்த ஏடு, இப்போது ஒரே இழை கருவிடம் ஒரு சிறு உதவியை வேண்டி உட்புகும்போதும் வெளியேறும்போதும் மாற்றப்பட வேண்டியதாயிற்று. மேற்கூறிய 12 பிற்றுக் குறியீடு இல்லாத பழைய பொறிகளில், ஒவ்வொரு மாற்றத்திலுங் குறிப்பகமும் அழிந்து, வேகம் மேலுங் குன்றிற்று.

இதனையொத்த வேறொன்றும் அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளிப்பட்டது. பதின்மக் கணக்குப் பதிவகங்கள் பெரியனவாகலின், புதிய இழை அவற்றை நாடும்வரை பழைய இழையின் பெறுமதிகளை அவற்றிலேயே விட்டுவைப்பது பல கருக்களின் வழக்காயிருந்தது. அவ்வாறு விடப்பட்ட பெறுமதிகளையும் முந்தி நிறைவேற்றும் வழியாற் கவரலாம் என்று கண்டனர். மறைக்குறியீட்டுத் திறவுகோல்கள் இப்பதிவகங்களில் இருப்பதுண்டாகலின் இது சிறு குறைபாடன்று. லினக்ஸ் 2016இலேயே வேறு காரணங்களுக்காக அவ்வழக்கைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தது நல்லூழே.

செய்நிரலாக்கத்திற் புகும் மாணவர் இழைகளை மலிவானவையென்று மாத்திரம் கற்றுவைத்தலை யான் விரும்பேன். ஏடு ஒன்றாயிருத்தலால் மாற்றம் மலிந்தது. அவ்வேடு ஒன்றாயிருத்தலாலேயே இரு இழைகளிடையே மதிலும் இல்லாதொழிந்தது. ஓரிழையின் பயனர் அடுக்கையும் மற்றையது எட்டிப் படிக்கலாம், பிழையாய் எழுதிக் கெடுக்கவுங் கூடும், கரு தடுக்காது. ஒன்றையொன்று நம்பும் வேலைகளுக்கு இழை தக்கது. நம்பத்தகாத இருவரை ஓரேட்டின்கீழ் வைத்தல் ஆகாது. கூகிள் நிறுவனத்தின் குறோம் உலாவி இதனை 2018இல் நடைமுறைப்படுத்திற்று. வெவ்வேறு தளங்களின் பக்கங்கள் ஒரே முறைவழியிற் கூடியிராவண்ணம், 67ஆம் பதிப்பில் மேசைக்கணினிப் பயனர் பெரும்பாலார்க்கும் தளத்துக்கொரு முறைவழி என்னும் ஏற்பாடு இயக்கப்பட்டது. அம்மதில்களின் விலையாக, முழு நினைவகப் பயன்பாடு 10 முதல் 13 வீதம் வரை கூடிற்றென்று அந்நிறுவனமே அறிவித்தது.